தோசைக்கல்லில் ஒகோனோமியாகி: கோஸ் நிறைய, மாவு கொஞ்சம்

தம்பி ஜப்பானில், ஒசாகாவில் வேலை பார்க்கிறான். போன முறை லீவில் காரைக்குடிக்கு வந்திருந்தபோது, இன்றைக்கு ராத்திரிப் பலகாரம் என் பொறுப்பு என்று சொல்லி, ஒரு முட்டைக்கோஸை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்க ஆரம்பித்தான். நறுக்கினான், நறுக்கினான், தாம்பாளம் நிறையும் வரை நறுக்கினான். அப்புறம் ஒரு கிண்ணத்தில் இத்தனூண்டு மைதாவைக் கரைத்து, அதில் அவ்வளவு கோஸையும் கொட்டிப் பிசறினான். அடுப்படி நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பத்தா, "ஏன்ப்பா, மாவுல கோஸ் போடுவேன்னு பார்த்தா, நீ கோஸுக்கு மாவைத் தொட்டுக்கிறயே" என்றார்கள். கிண்டலாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பலகாரத்தை அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அவன் திரும்பிப் போனபிறகு நானாகச் செய்து பார்த்து, நாலைந்து முறை சொதப்பி, இப்போது ஓரளவு கை பழகியிருக்கிறது. சொதப்பல்களுக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். நம் கைக்குத் தோசையும் அடையும் ஊத்தப்பமும் அத்துப்படி. கரண்டியைப் பிடித்தவுடன் அந்தக் கை கேட்காமலே மாவில் தண்ணீரைச் சேர்க்கும், கல்லில் ஊற்றி வட்டமாகத் தேய்க்கும், திருப்பிப் போட்டதும் தோசைத் திருப்பியால் ஒரு அமுக்கு அமுக்கும். இந்த மூன்றையும் அடக்கிவிட்டால் மீதியெல்லாம் சுலபம்.

இந்த ஜப்பான் பலகாரத்தின் பெயர்தான் ஒகோனோமியாகி. ஒகோனோமி என்றால் அவரவர் விருப்பம், யாகி என்றால் சுட்டது. பிடித்ததைப் போட்டுச் சுட்டுக்கொள் என்று பெயரிலேயே அனுமதி இருக்கிறது, அதனால் நம் ஊர்ச் சாமான்களை உள்ளே விடுவதில் எனக்குக் கூச்சமில்லை. ஆனால் அனுமதி இருக்கிறது என்பதற்காக சோம்பு, பட்டை, மிளகாய்த்தூள் என்று நான் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, நல்ல கோஸ் அடை. அடை வேண்டுமென்றால் அரிசி பருப்பை ஊறப்போட்டுவிட்டுப் போகலாமே, இதற்கு எதற்கு இவ்வளவு பாடு?

சரி, அளவு. இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில், கோஸ் 300 கிராம், மைதா 100 கிராம், தண்ணீர் 100 மில்லி, முட்டை 2, பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, வெங்காயத்தாள் நாலைந்து. தராசு இல்லையென்றால், 200 மில்லி டம்ளரில் விளிம்புக்குச் சற்றுக் கீழே வரை மைதா எடுத்தால் ஏறக்குறைய 100 கிராம் வந்துவிடும். நடுத்தரமான கோஸில் மூன்றில் ஒரு பங்கு 300 கிராம். வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவிப்போம் இல்லையா, இங்கேயும் அப்படி ஒரு கோபுரம் உண்டு, கோபுரம் முழுக்கக் கோஸ். முதல் தடவை பார்க்கும்போது இவ்வளவு கோஸை இந்தத் துளி மாவு எப்படித் தாங்கும் என்று தோன்றும், கை மைதா டப்பா பக்கம் போகும். போகவிடாதீர்கள். வெந்தால் கோஸ் பாதியாகச் சுருங்கிவிடும். கோதுமை மாவில் செய்தால் கனத்துப் போய்ச் சப்பாத்தி வாசனை அடிக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை.

கோஸ் நறுக்குவதில்தான் பாதி வேலை. இலைகளைப் பிரித்துக் கழுவி, உதறி, ஒரு துணியில் அரை மணி நேரம் பரப்பிவையுங்கள். நறுக்கியபிறகு கழுவினால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். நடுவில் இருக்கும் தடித்த நரம்பைச் சீவித் தனியே பொடியாக நறுக்க வேண்டும். மற்ற இலையைப் பொரியலுக்கு நறுக்குவதைவிடக் கொஞ்சம் பெரிதாக, அரை சென்டிமீட்டர் அகலம், ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் என்ற அளவில் நறுக்கினால் போதும். ஃபிரைட் ரைஸ் கடையில் போல நீள நீளமாகச் சீவினால் திருப்பும்போது நாலு பக்கமும் தொங்கும். மிக்சியில் ஒரு சுற்று விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: விடலாம், சுற்று முடிந்ததும் கிடைப்பது கோஸ் சட்னி.

என் முதல் சொதப்பல் இங்கேதான். கோஸ், மாவு, முட்டை, உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வைத்தேன், அந்த நேரம் பார்த்து போன் வந்தது, பேசிவிட்டுத் திரும்பி வர அரை மணி நேரம் ஆகிவிட்டது. உப்பு பட்டால் கோஸ் தண்ணீர் விடும் என்பது பொரியல் செய்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்கும் தெரியும், அன்றைக்கு ஞாபகத்தில் வரவில்லை. கிண்ணத்தில் ஆடிக்கூழ் மாதிரி நின்றது. அதைக் கல்லில் ஊற்றினால் எல்லை தெரியாமல் ஓடுகிறது. ஆகவே மாவை முன்னாலேயே கரைத்து ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரம்கூட வைக்கலாம், நல்லதுதான். கோஸையும் முட்டையையும் மட்டும் கல் சூடானபிறகு, ஒரு ஆளுக்கு ஒரு கிண்ணம் என்று தனித்தனியாகக் கலக்க வேண்டும். இரண்டு பேருக்கும் சேர்த்துக் கலந்தால் முதலாவது வேகிற பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டாவது தண்ணீர் விட்டுவிடும்.

மாவு மெத்தென்று வர ஜப்பானில் நாகைமோ என்ற ஒரு வகை வள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் துருவிச் சேர்க்கிறார்கள். துருவினால் வெண்டைக்காய் போல வழவழவென்று இருக்குமாம், அந்த வழவழப்பு காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் சந்தையில் அதைத் தேடி அலைய வேண்டாம். வழவழப்பு என்றதும் சேப்பங்கிழங்குதான் ஞாபகம் வந்தது, துருவிப் போட்டேன், முதலில் கை அரித்தது, அப்புறம் தொண்டை. நீங்கள் அந்தப் பக்கம் போகாதீர்கள். கடைசியில் விடை கிரைண்டரிலேயே இருந்தது. இட்லிக்கு ஆட்டும் நாளில், உளுந்து நன்றாகப் பொங்கி வந்ததும் அரிசியோடு கலக்கும் முன் இரண்டு மேசைக்கரண்டி எடுத்து வைத்துக்கொண்டால் போதும். தண்ணீர் குறைவாகத் தெளித்து ஆட்டிய கெட்டி உளுந்து மாவு, உருட்டிப் போட்டால் மிதக்க வேண்டும். இதைச் சேர்த்தால் தண்ணீரை 80 மில்லியாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி போதும். புளித்த தோசை மாவு வேண்டாம், புளிப்பு வந்தால் மறுபடி ஊத்தப்பம்தான்.

அடுத்து அந்த 100 மில்லி தண்ணீர். ஜப்பானில் அது வெறும் தண்ணீராக இருக்காது, தாஷி என்கிற சாறு. கட்சுவோபுஷி என்று சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, விறகுக்கட்டை போலக் காயவைத்து, இழைப்புளியில் சீவுவது போலச் சீவி, அதைக் கொதிநீரில் போட்டு எடுக்கும் சாறு அது. பலகாரத்தின் மேலே தூவுவதும் அதே சீவல்தான். காகிதத்தைவிட மெல்லிசாக இருப்பதால் ஆவி பட்டதும் நெளிந்து நெளிந்து ஆடும். தம்பி ஒரு பாக்கெட் கொண்டுவந்திருந்தான். அப்பத்தா அந்தத் துண்டு ஒன்றை வாயில் போட்டு ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு, "இது மாசில்ல?" என்றார்கள்.

மாசியேதான். தூத்துக்குடிப் பக்கத்தவர்களுக்கும் இலங்கைத் தொடர்புள்ள வீடுகளுக்கும் மாசிக் கருவாட்டைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அதே சூரையை உப்பு நீரில் வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்து எடுப்பது. கல் போல இருக்கும், கத்தி இறங்காது. கட்சுவோபுஷிக்கு நெருங்கிய சொந்தம், கொஞ்சம் உப்பு கூடுதல், வாசனையும் கொஞ்சம் முரடு. ஒரு துண்டை உரலில் வைத்து உலக்கையால் இரண்டு தட்டு தட்டி, உடைந்த சில்லில் ஒரு மேசைக்கரண்டி எடுத்து 150 மில்லி தண்ணீரில் போட்டு, கொதிவந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம் விட்டு வடிகட்டினால் நமக்கு வேண்டிய சாறு கிடைத்துவிடும். அந்தச் சாற்றில் கரைக்கும் மாவுக்கு உப்பே போடாதீர்கள். மேலே தூவ மாசியைக் காரட் துருவியில் துருவலாம், பொடியாகத்தான் விழும், ஆடாது. ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால் ஜப்பான் பாக்கெட்டுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும். மாசி கிடைக்காவிட்டால் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோயா சாஸ், முடிந்தது. சைவம் சாப்பிடுகிறவர்கள் நாலு காளானை வேகவைத்த தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். முட்டையும் வேண்டாம் என்றால் உளுந்து மாவை நாலு மேசைக்கரண்டியாக ஆக்கிச் செய்து பார்த்தேன், நிற்கிறது, ஆனால் திருப்பும்போது இன்னும் கவனம் வேண்டும்.

இன்னொரு சாமான் தென்காசு. நம் தென்காசியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், தெம்புரா என்கிற ஜப்பான் பஜ்ஜியைப் பொரிக்கும்போது எண்ணெயில் சிதறும் மாவுத் துளிகள்தான். கோஸ் விடும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளே சின்னச் சின்ன இடைவெளிகளை உண்டாக்கும். இதற்கு நான் தேன்குழல் டின்னின் அடியில் கிடக்கும் நொறுங்கலைப் போடுகிறேன். ஆளுக்கு இரண்டு மேசைக்கரண்டி. தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ செய்து, முழுசெல்லாம் தீர்ந்து, யாரும் தொடாமல் கிடக்குமே அதுதான். தயிர்ப் பூந்திக்குப் போடும் காரமில்லாத பூந்தியும் சரியாக வரும்.

இப்போது கல். எங்கள் வீட்டில் இருப்பது அப்பத்தா காலத்து இரும்புக் கல், தூக்கினால் மணிக்கட்டு வலிக்கும், ஆனால் சூட்டை விடாமல் வைத்திருக்கும். நடுவில் குழி விழுந்த கல் இதற்கு ஆகாது, மாவெல்லாம் நடுவில் சேர்ந்து வேகாமல் நிற்கும். தோசைக்குக் காய்வது போலக் காய வேண்டாம். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று துள்ளி ஓடாமல், மெதுவாகக் கொதித்து வற்ற வேண்டும், அந்தச் சூடு. கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டி தடவி, தீயை நடுத்தரத்துக்கும் கீழே வையுங்கள்.

ஒரு ஆளுக்கான மாவு, பாதிக் கோஸ், வெங்காயத்தாள், தேன்குழல் நொறுங்கல், ஒரு முட்டை. கிண்ணத்தில் போட்டு, அடியிலிருந்து மேலே தூக்கித் தூக்கிப் புரட்டுங்கள், பத்துப் பன்னிரண்டு தடவை, அதற்குமேல் வேண்டாம். அடித்துக் கலக்கினால் காற்று போய்விடும், மைதா இழுவையாகிவிடும். ஒவ்வொரு கோஸ் துண்டின் மேலும் மாவு மெல்லிசாக ஒட்டியிருக்க வேண்டும், கிண்ணத்தின் அடியில் மாவு தேங்கி நிற்கக்கூடாது. அப்படியே கல்லின் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கரண்டியால் தேய்க்காமல், தோசைத் திருப்பியின் ஓரத்தால் சுற்றிலும் தட்டித் தட்டி உள்ளே தள்ளினால் வட்டம் தானாக வரும். விட்டம் 15 சென்டிமீட்டர், உயரம் 2 சென்டிமீட்டர். உயரத்தைப் பார்த்து இது எங்கே வேகப்போகிறது என்று நினைக்காதீர்கள்.

மேலே என்ன வைப்பது? ஒசாகாவில் பெரும்பாலும் பன்றி இறைச்சியின் கொழுப்புள்ள பாகத்தை மெல்லிய நாடாவாக வைப்பார்கள், அதன் கொழுப்பிலேயே மேல்பக்கம் முறுகும். எங்கள் வீட்டில் இறால். தொண்டிப் பக்கமிருந்து நல்ல இறால் வருகிறது. நடுத்தர இறாலை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெட்டுப்பட்ட பக்கம் மேலே இருக்கும்படி ஆறேழு துண்டு பதித்து, அதன்மேல் மிச்ச மாவை ஒரு கரண்டி தெளித்துவிட்டால் திருப்பும்போது கழன்று வராது. முழு இறாலாக வைத்தால் கோஸ் வெந்திருக்கும், இறால் வெந்திருக்காது.

மூடிபோட்டு ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடமும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சிரமம். ஓரம் நிறம் மாறி, கல்லை ஆட்டினால் மொத்தமாக நகர்ந்தால் திருப்பலாம். இரண்டு தோசைத் திருப்பிகளை இரண்டு பக்கமும் நுழைத்து, தயங்காமல் ஒரே புரட்டு. தயங்கினால் பாதி கல்லில், பாதி அடுப்பில், எனக்கு அப்படித்தான் ஆனது. பயமாக இருந்தால் தட்டு வழி இருக்கிறது. பலகாரத்தை ஒரு தட்டுக்குச் சறுக்கிவிட்டு, கல்லைக் கவிழ்க்காமல் தட்டைக் கல்லின் மேல் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான். இதற்கு நான் எடுப்பது விளிம்பில் நீலக் கோடு போட்ட ஒரு பழைய எனாமல் தட்டு. ஐயா காலத்தில் பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அடியில் தேய்ந்துபோன எழுத்தில் மேட் இன் ஜப்பான் என்று இருக்கிறது. கல்யாணச் சீர்ச் சாமான்களோடு பரணில் கிடந்தது, இப்போது அடுப்படியிலேயே இருக்கிறது.

திருப்பியபிறகு அமுக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது, அம்மா இன்னமும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்கிறார்கள். அமுக்கினால் ஆவி வெளியே போய், உள்ளே இருக்கும் இடைவெளியெல்லாம் மூடி, ரப்பராகிவிடும். மறுபடி மூடிபோட்டு ஐந்து நிமிடம், பிறகு மூடியை எடுத்து இன்னொரு முறை திருப்பி, இரண்டு மூன்று நிமிடம் முறுக விடுங்கள். நடுவில் ஈர்க்குச்சி குத்தி எடுத்தால் இட்லிக்குப் பார்ப்பது போல ஈரமாவு ஒட்டாமல் வர வேண்டும்.

சாஸை முன்னாலேயே செய்து வைத்திருக்க வேண்டும், இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். ஒகோனோமியாகி சாஸுக்குப் பெயர்போன ஒட்டாஃபுகு என்பது ஹிரோஷிமாவின் கம்பெனி, அவர்கள் சாஸில் இனிப்புக்கும் குழைவுக்கும் பேரீச்சம்பழம் சேர்க்கிறார்கள். இந்த சாஸ் வகைக்கே மூலமான வொர்ஸ்டர்ஷர் சாஸில் புளி இருக்கிறது. பேரீச்சம்பழமும் புளியும் என்றால் நமக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாமே. விதை எடுத்த பேரீச்சம்பழம் 5, கோலிக்குண்டு அளவு புளி, இரண்டையும் அரை டம்ளர் வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, புளியின் கோதையும் கொட்டையையும் நீக்கி அரைத்து வடிகட்டுங்கள். அதில் தக்காளி கெச்சப் 4 மேசைக்கரண்டி, சோயா சாஸ் 2 மேசைக்கரண்டி, கருப்பட்டி ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, கிராம்புத்தூள் அதிலும் பாதி சேர்த்து, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் வரை சிறு தீயில் காய்ச்சினால் சாஸ் தயார். ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாராளமாக இருக்கும். பஜ்ஜிக்கும் தொட்டுக்கொள்ளலாம்.

மயோனைஸ் கடையில் வாங்குவதுதான். ஜப்பானில் 1925-லிருந்து விற்கும் கியூபி மயோனைஸில் முட்டையின் மஞ்சள் கரு மட்டும்தான் இருக்கும், அதனால் கொழகொழவென்று புளிப்பும் உப்பும் தூக்கலாக இருக்கும். நம் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லாத மயோனைஸ் பெரும்பாலும் இனிக்கிறது. மூன்று மேசைக்கரண்டிக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்தால் தேறிவிடும். கழுவித் துடைத்த பால் கவரில் போட்டு, மூலையில் ஊசிமுனை அளவு வெட்டிப் பிழிந்தால் மெல்லிய இழையாக வரும். முதலில் சாஸை மேலே முழுக்கப் பூசி, அதன்மேல் மயோனைஸ் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுங்கள். அப்பத்தா கையில் கவரைக் கொடுத்தோம், நடுவீட்டுக் கோலமே போட்டுவிட்டார்கள்.

அதற்கும் மேலே மாசித் துருவல், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள். ஜப்பானில் அவோனோரி என்ற கடற்பாசிப் பொடியைத் தூவுவார்கள், அதற்கு ஈடாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை, கொத்தமல்லியைத் தூவிப் பார்த்தேன், வாசனை வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது. சிவப்பு இஞ்சி ஊறுகாய் ஒன்று உண்டு, அதைச் செய்துவிடலாம். இளசான இஞ்சியைத் தீக்குச்சி போல நறுக்கி, உப்பு, எலுமிச்சைச் சாறு, நிறத்துக்கு இரண்டு வில்லை பீட்ரூட் போட்டு முதல் நாளே ஊறவைத்தால் போதும்.

தோசைத் திருப்பியாலேயே கட்டம் கட்டமாக வெட்டி, சூடாகச் சாப்பிட வேண்டும். ஒசாகாவில் இதைச் சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்களாம், தம்பி சொன்னபோது அம்மா நம்பவில்லை. சப்பாத்தியைத் தின்றுவிட்டு இரண்டு வாய் ரசஞ்சோறும் கேட்கிற வீட்டில் இருந்துகொண்டு நம்பாமல் இருந்தது எனக்குத்தான் ஆச்சரியம்.

ஹிரோஷிமா முறை என்று இன்னொன்று இருக்கிறது. அங்கே எதையும் கலக்குவதில்லை, மெல்லிய தோசை போல மாவை ஊற்றி, அதன்மேல் கோஸ் மலை, முளைகட்டிய பயறு, இறைச்சி, தனியே வதக்கிய நூடுல்ஸ், கடைசியில் முட்டை என்று அடுக்கிக் கவிழ்ப்பார்கள். யுத்தத்துக்கு முன்னால் குழந்தைகள் காலணாவுக்கு வாங்கித் தின்ற மெல்லிய மாவுப் பண்டம்தான் அதற்கு மூலம். 1945-இல் குண்டு விழுந்து ஊரே போனபிறகு, அரிசிக்குத் தட்டுப்பாடு, அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவுதான் கையில் இருந்தது, தள்ளுவண்டிக்காரர்கள் அதில் கோஸைச் சேர்த்துப் பசியாற்றுகிற சாப்பாடாக்கினார்கள். இன்றைக்கு அந்த ஊரில் ஒகோனோமிமுரா என்ற ஒரே கட்டடத்தில் மாடிக்கு மாடி ஒகோனோமியாகிக் கடைகளே இருக்கின்றன. ஒரு தோசைக்கல்லும் ஒரு பர்னரும் வைத்துக்கொண்டு நான் இரண்டு முறை முயன்றேன், இரண்டு முறையும் நூடுல்ஸ் ஒரு பக்கம் கோஸ் ஒரு பக்கம் என்று பிரிந்தது. பரோட்டாக் கல் வைத்திருப்பவர்கள் செய்து பாருங்கள்.

மிஞ்சினால் சாஸ் பூசாமல் எடுத்துவைத்து, மறுநாள் எண்ணெய் விடாமல் கல்லில் சிறு தீயில் போட்டால் இன்னும் நன்றாக முறுகும். கல்லை மட்டும் அன்றைக்கு ராத்திரியே கவனித்துவிடுங்கள். சாஸைத் தட்டில் வைத்துப் பூசாமல் கல்லில் இருக்கும்போதே பூசினால், வழிந்த இனிப்பு கருகிப் பிசினாக ஒட்டிக்கொள்ளும். கல் சூடாக இருக்கும்போதே வெந்நீர் தெளித்துச் சுரண்டி, துடைத்து, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு ஒரு தேய்ப்புத் தேய்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காலையில் முதல் மூன்று தோசையும் பிய்ந்துதான் வரும், அதை யார் தட்டில் போடுவது என்று வீட்டில் தனிப் பஞ்சாயத்து நடக்கும்.